நிறையும் நிறைவும்

மத்திய மலைநாட்டிலே, தலவாக்கலையிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் பாதையில், ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில் அமைந்துள்ள சிற்றூர் லிந்துலை. ஆகரப்பத்தனை, ராதல்ல, பம்பரகலை எனச் சூழ்ந்து கிடக்கும் நிலப்பரப்பு முழுவதும் தேயிலையே. இப்பகுதித் தோட்டங்களில் வாழ்ந்த மக்களின் வாழ்வைத் தராசு ஆண்டதுபோல வேறெந்தக் கருவியும் ஆண்டதில்லை. கொழுந்து மடுவத்துத் தராசு அன்றைய கூலி முழுப் பேரா அரைப் பேரா என்று தீர்த்தது. அரிசி புசலிலும் கொத்திலும் அளக்கப்பட்டு, அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. பிற்காலத்திலே குழந்தைகளையும் தராசில் தொங்கவிட்டு, ஏறிய நிறையையும் ஏறாத நிறையையும் அட்டையிற் குறிக்கும் வழக்கம் வந்தது.

தமிழில் ‘நிறை’ என்னும் சொல் பாரத்தையும் குறிக்கும், குறைவின்மையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் எப்பொழுதும் ஒன்றாய்ச் செல்வனவல்ல. நிறை கூடிய உடலெல்லாம் நிறைவு பெற்ற உடலன்று. நிறை குறைந்தவரெல்லாம் தம் குற்றத்தாற் குறைந்தவரும் அல்லர். அண்மைக் காலத்தில் மேனாட்டு உணவியலாளர் சிலர் இவ்வேறுபாட்டையே தம் தொழிலுக்கு அடிப்படையாகக் கொண்டிருக்கின்றனர். அறிவுரை நாடி வருவோருக்கு இத்தனை இறாத்தல் குறைக வென்றோ கூடுக வென்றோ இலக்கு விதியாமல், பத்தியப் பட்டியல் கொடுத்து அனுப்பாமல், அவர் உண்ணும் முறை, பசி, உறக்கம், உழைப்பு, வீட்டு நிலை ஆகியவற்றை ஆராய்ந்து, இருக்கும் உடலிலேயே நலம் பெருக வழி சொல்வது அவர்தம் முறை. இஃது உணவு மலிந்த நாட்டிலே தோன்றிய கொள்கை. அரை வயிற்றோடு மலையேறிய மக்களுக்கும் இதற்கும் யாது தொடர்பு என்று கேட்கத் தோன்றும். லிந்துலைப் பகுதியின் உணவு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் அத்தொடர்பு விளங்கும்.

திம்புள்ளைப் பிரதேசம் எனத் தோட்டத்துறையார் வழங்கும் இந்த மலைச்சரிவுகளிற் காடழித்து முதலில் நாட்டப்பட்டது கோப்பி. 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளிற் கண்ட செம்பூஞ்சண நோய் பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை அழித்தொழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் தேயிலையைத் தோட்டப் பயிராக வளர்த்துக் காட்டியிருந்தார். கோப்பி பருவப் பயிராதலால், பழம் பறிக்கும் மாதங்களில் வந்து, பின்னர் ஊர் திரும்புவோரே அக்காலத்திற் பெரும்பாலர். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. பெண்களின் கைகளை வேண்டுவது. ஆகவே குடும்பம் குடும்பமாக லயங்களிற் குடியேறினர். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை என்னும் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் அவர்களுட் பலரைக் கடல் கடக்கச் செய்தது. பசியிலிருந்து தப்ப வந்தோர் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

வந்த இடத்தில் நெல் விளைவதில்லை. அரிசி கடல் கடந்து வந்து, மலையேற வேண்டியிருந்தது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்து சேரும்வரை அது வண்டியிலும் மனிதர் தலையிலுமே வந்தது. தோட்ட நிருவாகம் அரிசியை வரவழைத்துத் தொழிலாளர்க்கு வாரந்தோறும் வழங்கி, விலையைச் சம்பளத்திலே பிடித்துக் கொண்டது. சம்பளம் பல மாதங்கள் நிலுவையாய் நிற்பதுண்டு. அரிசி மட்டும் தவறாது வரும். கையிற் காசின்றி அரிசி மட்டும் பெறுபவனுக்குப் பருப்பும் எண்ணெயும் மீனும் கடனுக்கன்றிக் கிடையா. அக்கடன் பெரிய கங்காணியின் கணக்கிலே ஏறும். இவ்வாறு உணவென்றால் அரிசி, அரிசியென்றாற் கடன் என்னும் நிலை முதற்றலைமுறையிலேயே உருவாயிற்று. தொழிலாளி எதை உண்பது என்பதை அவனது நாவும் வயிறும் தீர்மானிக்கவில்லை. செக்றோல் என்னும் பேரேடு தீர்மானித்தது.

சட்டங்கள் சும்மா இருந்தன என்று சொல்வதற்கில்லை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872ஆம் ஆண்டிலேயே சட்டமொன்று பிறந்தது. 1912இல் அது விரிவாக்கப்பட்டபோது, குழந்தை பெற்ற பெண் தொழிலாளிக்கு ஒரு மாதம் போதிய உணவும் உறைவிடமும் அளித்தல் துரைமாரின் கடமையென விதிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கூலியை நிர்ணயிக்கும்போது தோட்டம் வழங்கும் அரிசியின் விலையையும் அக்கணக்கிற் சேர்த்துக் கொண்டது. ஆயினும் அச்சட்டத்தின் கீழ் ஆணுக்கொரு வீதம், பெண்ணுக்கு அதனிற் குறைந்த வீதம், சிறுவர்க்கு அதனினும் குறைந்த வீதம் என வகுக்கப்பட்டது. கொழுந்து கூடையிற் சேர்ந்து தராசில் ஏறுவது பெரும்பாலும் பெண்ணின் கையால். கூலியிற் குறைந்து நின்றவளும் அவளே. இவ்வேறுபாடு நீங்கியது 1984ஆம் ஆண்டிலேதான்.

இதே மலைகளில், தலவாக்கலைக்கு அருகே செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. 1925இல் நிறுவப்பட்ட அந்நிலையத்தார் தேயிலைச் செடிக்கு எவ்வளவு நைதரசன், எவ்வளவு பொற்றாசு வேண்டும் என்று அளவிட்டனர். செடி வெளுத்தால் அதனைக் குறை கூறாது, மண்ணிலே குறைவதென்ன என்று தேடினர். அது தக்க அறிவியல் முறை. மனிதன் வெளுத்தபோது அம்முறை எளிதில் வந்து வாய்க்கவில்லை. வெளிறிய முகத்தோடு, மலையேற இயலாது மூச்சு வாங்கி நின்றவனைச் சோம்பேறி என்று சொல்வதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது.

அவ்வழக்குக்கு முதல் மறுப்பு 1916ஆம் ஆண்டளவிற் கிடைத்தது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் அவ்வாண்டிலே இலங்கைத் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும் இப்புழு, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குறையக் குறையக் கையும் காலும் தளரும். உண்ட உணவின் பயனையும் புழு பங்கு கொள்ளும். இத்தகையவனுக்கு ‘நன்றாகச் சாப்பிடு, சுறுசுறுப்பாயிரு’ என்று உரைப்பதால் விளைவதொன்றுமில்லை. மருந்து கொடுத்தாற் புழு வெளியேறும்; ஆனால் லயத்தின் அருகே மலகூடம் இல்லையேல், சில மாதங்களில் மண்ணிலிருந்து மீண்டும் ஏறும். உடலின் தளர்ச்சிக்கு ஏது உடையவனின் ஒழுக்கத்தில் இல்லை, அவன் நடக்கும் மண்ணில் இருந்தது என்பதை அவ்வியக்கம் புலப்படுத்திற்று. மலகூடமும் செருப்பும் தூயநீரும் உணவறிவுரையின் பகுதிகள் என்பது அன்றே விளங்கியிருத்தல் வேண்டும்.

ஏறக்குறைய அதே காலத்தில், கடலுக்கு அப்பால் இன்னொரு தேயிலை மலையாகிய நீலகிரியில், குன்னூரிலே ரொபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவுகளை அவர் வெவ்வேறு எலிக்கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் மிக நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாய், பாலும் காய்கறியும் அருகிய சென்னைப்புற உணவை உண்டவை கடைசியில் நின்றன. எலிகள் அனைத்தும் ஒரே இனத்தவை. அவற்றிற் சோம்பலுள்ளது சோம்பலற்றது என்ற பிரிவில்லை. தட்டிலே வைக்கப்பட்டது எதுவோ அதுவே உடலாயிற்று. லிந்துலைத் தொழிலாளர் தம் முன்னோர் ஊரிலிருந்து கொண்டுவந்ததும் அந்தக் கடைசி உணவே. ஊரிலே அதற்குத் துணையாயிருந்த கேழ்வரகும் கம்பும், வரப்போரத்துக் கீரையும், வீட்டு மாட்டின் மோரும் லயத்திற் கிடையாமற் போனதால், எஞ்சியது அரிசி மட்டுமே.

அந்த அரிசியும் நிலைக்கவில்லை. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் வீழ்ந்ததும் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. இலங்கையிற் பங்கீட்டு முறையும் கூப்பன் புத்தகமும் வந்தன. அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பிற்று. யுத்தம் முடிந்த பின்னரும் அம்மா தோட்டங்களை விட்டு நீங்கவில்லை. அதிகாலையிற் பெரட்டுக்கு ஓடவேண்டிய பெண்ணுக்கு, விரைவில் ஆக்கலாவதும் கையிற் கொண்டு செல்லலாவதும், மலையிற் பனியில் நின்று தின்னலாவதும் ரொட்டியே. தேங்காய்ச் சம்பலும் சாயத்தண்ணியும் அதற்குத் துணை. பிற்காலத்து அறிவுரையாளர் ‘மாவை விடுங்கள்’ என்று எளிதாகக் கூறிவிடுவர். அந்த ரொட்டி மக்களின் அறியாமையாற் பிறந்ததன்று. ஒரு யுத்தமும் ஒரு வேலைநேரமும் சேர்ந்து சுட்டது.

விடுதலையின் பின் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவனின் பசி சபைகளிலே ஒலிப்பது அரிது. இதன் கொடிய விளைவு 1973, 1974ஆம் ஆண்டுகளிற் கண்கூடாயிற்று. உலகச் சந்தையில் உணவு விலை ஏறிய காலம் அது. அரிசிப் பங்கீடு குறைந்தது. மாவின் விலை உயர்ந்தது. கிராமத்தவர்க்கு ஒரு துண்டு வயலோ பலாமரமோ இருந்தது. மரவள்ளி நட்டுப் பிழைக்க இடமிருந்தது. லயத்தவர்க்கு நிலமில்லை. தோட்டங்களின் உடைமை கைமாறிக்கொண்டிருந்ததால் வேலைநாட்களும் குறைந்தன. 1974இல் தோட்டப்புறத்து இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது. இலங்கை முழுவதும் இறப்புக் குறைந்து வந்த காலத்தில் நேர்ந்த அந்த ஏற்றத்தின் பெரும்பாரம் தோட்டப்புறத்தின் மீதே விழுந்தது. பசியால் நலிந்தோரும், நலிவால் நோயுற்றோரும் அவர்கள். அவ்வாண்டுகளில் மலையகத்தில் எந்தத் தராசு எந்த உண்மையைச் சொல்லியிருந்தாலும், அதற்கு மருந்து அறிவுரையன்று, சோறே.

அந்நெருக்கடியின் தொடக்கத்தில், 1973இல், சோளமும் சோயாவும் பாற்பொடியும் சேர்ந்த திரிபோஷ என்னும் சத்துமா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் வழங்கப்படத் தொடங்கிற்று. குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து அட்டையிற் கோடு இழுக்கும் முறையும் பரவிற்று. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். வளரும் குழந்தையை நிறுத்தல் தேவையானதே. கோடு ஏறாது கிடையாக ஓடினால் ஏதோ ஒரு குறை உண்டென்பதை அது முன்னரே அறிவிக்கும். வளர்ந்தவர்க்கும் காரணமின்றி நிறை குறைந்தாற் காசநோயோ நீரிழிவோ உண்டாவென ஆராய்தல் வேண்டும். தராசு எச்சரிக்கை மணியாகும்வரை அது நண்பன். குறையைக் கண்டபின் குற்றவாளியைத் தேடும் நீதிபதியாக அது மாறும்போதே தீமை விளைகிறது. கோடு ஏறாத அட்டையைக் கையிலேந்தி நிற்கும் தாய், ‘பிள்ளையைக் கவனிக்கவில்லையா?’ என்று பலர்முன் கேட்கப்பட்டால், அடுத்த மாதம் அவள் நிலையத்துக்கே வராமல் நின்றுவிடக்கூடும். மணியும் அறுந்துபோம்.

2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நூற்றுக்கு 17.3 பேர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு 31.7 பேர். உயரம் ஓரிரு வேளை உணவாற் குன்றுவதன்று. தாயின் கர்ப்பகாலம் தொட்டு ஈராண்டு மூவாண்டு தொடரும் குறைவு எலும்பிலே பதிவதே அது. அத்தாயும் தன் குழந்தைப் பருவத்திற் குறைவாய் வளர்ந்தவளாயிருத்தல் கூடும். ஆகவே இன்று ஒரு குழந்தையின் உயரத்தை அளப்பவர் இரண்டு தலைமுறைகளையும் சேர்த்தே அளக்கின்றார்.

இனி, நிறையை முதன்மையாகக் கொள்ளும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்கலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த கெற்றலே என்னும் புள்ளிவிவர அறிஞர் 1830களில் மக்கட் கூட்டங்களின் சராசரி உடலை அறிய விரும்பி, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தார். தனி மனிதரின் நோயை அறிவதற்கென அவர் அதனை ஏற்படுத்தவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஆயுட்காப்புறுதிக் கம்பனிகள் தம் வணிகத்தின் பொருட்டு உயரத்துக்கேற்ற நிறைப் பட்டியல்களை வெளியிட்டன. 1972இல் அமெரிக்க அறிஞர் அன்செல் கீஸ் முதலியோர் கெற்றலேயின் வகுத்தற் கணக்குக்கு உடற்றிணிவுச் சுட்டி என்று பெயரிட்டனர். அதன்பின் அவ்வெண் உலகமெங்கும் மருத்துவமனைச் சுவர்களில் ஏறிற்று.

அதே கீஸ் முன்னரே ஒரு பரிசோதனை நடத்தியிருந்தார். 1944, 1945ஆம் ஆண்டுகளில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், தாமாக முன்வந்த 36 இளைஞர்க்கு ஆறு மாதகாலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவே கொடுக்கப்பட்டது. அவர்கள் தம் நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கை இழந்தனர். உடல் மட்டும் மெலியவில்லை. சிந்தையெல்லாம் உணவாயிற்று, சமையற் புத்தகங்களைச் சேர்த்தனர், சினமும் சோர்வும் மிகுந்தன. உணவு மீண்டபோது எவ்வளவு உண்டும் நிறைவு தோன்றாமற் பலர் தவித்தனர். பசியை அடக்கினாற் பசி அடங்கிப்போவதில்லை, பதுங்கியிருந்து பாய்கிறது என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டுவதில்லை. பஞ்சத்திலே பிறந்த பாட்டி, பின்னாளில் வசதி வந்தபோதும் ஒரு பருக்கையை வீணாக்காமல், பேரப்பிள்ளையின் தட்டிலே மேலும் மேலும் சோறு வைப்பதன் பொருளையும் இப்பரிசோதனை விளக்கும்.

மேனாட்டிலே பத்தியத்தால் மெலிந்து, மெலிந்தபின் மீண்டும் பருத்து, மறுபடியும் பத்தியம் ஏற்று அலுத்த பெண்கள் பலர். அவர்களின் துன்பத்திலிருந்தே புதிய முறை பிறந்தது. 1978இல் சூசி ஓர்பாக் என்பார் இலண்டனிலிருந்து பெண்களின் பருமன்பற்றி எழுதிய நூலும், 1995இல் அமெரிக்க உணவியலாளர் இருவர் உள்ளுணர்வோடு உண்ணல்பற்றி எழுதிய நூலும் அதற்குத் தூண்களாயின. 2005இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. பருமனுடைய 78 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பத்தியமும், மறுபிரிவுக்கு நிறையைக் கருதாத வழிகாட்டலும் தந்து ஈராண்டு நோக்கினர். பத்தியப் பிரிவினர் முதலில் மெலிந்து, பின்னர் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றனர். மறுபிரிவினர் மெலியவில்லை, ஆயினும் இரத்த அழுத்தம் முதலியவற்றிலும் மனநிலையிலும் பெற்ற நலம் நிலைத்து நின்றது. இடையில் விலகியோரும் அப்பிரிவிலேயே மிகக் குறைவு. ஆய்வு சிறியது; அதனால் எல்லாம் நிறுவப்பட்டுவிட்டது என்று கொள்ளலாகாது. நீரிழிவு கண்ட பருமனுடையோர் நிறையைக் குறைத்தாற் சர்க்கரை தணிவதற்கும் நல்ல சான்று உண்டு. மருத்துவருள் இன்றும் இதுபற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. எனினும் சுட்டெண் ஒன்றே போதாது என்பதில் ஒற்றுமை வளர்ந்துள்ளது. 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அவ்வெண்ணின் குறைபாட்டை ஏற்றுக்கொண்டது.

தென்னாசியர்க்கு அது மேலும் பொருந்தாதென்பதைப் பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாக்ஞிக் அழகாக எடுத்துக்காட்டினார். 2004இல் அவரும் இலண்டன் மருத்துவர் யட்கினும் அருகருகே நின்ற படமொன்று வெளியாயிற்று. இருவரின் சுட்டெண்ணும் 22.3. ஆனால் யட்கினின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாக்ஞிக்கின் உடலில் நூற்றுக்கு 21.2. மெலிந்து தோன்றும் உடலினுள்ளும் கொழுப்பு மறைந்திருக்கலாம். இதன் வேர் கருப்பையிலே உள்ளது என்பர். குறைந்த நிறையோடு பிறந்தவர்க்குப் பிற்காலத்தில் இதயநோய் மிகும் என்று 1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் காட்டினார். நீரிழிவுக்கும் இத்தகைய தொடர்பு பின்னர் அறியப்பட்டது. வயிற்றிலே குறைவறிந்த குழந்தையின் உடல், குறைவுக்கே பழகி, பின்னர் மாவும் சீனியும் மலிந்த காலத்தை எதிர்கொள்ள முடியாது தடுமாறுகிறது. ஒரே லயத்து வீட்டில் வளர்ச்சி குன்றிய பேரனும், நீரிழிவு கண்ட பாட்டியும் இருத்தல் இதனால் வியப்பன்று. இருவரையும் இருவேறு தவறுகளின் பயனாகக் கருதுதல் பிழை. ஒரே வரலாற்றின் இரு முனைகள் அவர்கள்.

ஆயின், லிந்துலையிலே நிறையை நீதிபதியாக்காத உணவறிவுரை எவ்வாறிருக்கும்? முதலில் அது கேள்வியாகவே இருக்கும். ‘சோற்றைக் குறையுங்கள், மீனும் பழமும் உண்ணுங்கள்’ என்று தொடங்குவதற்குப் பதிலாக, ‘அம்மா, காலையில் என்ன சாப்பிட்டு மலைக்குப் போகிறீர்கள்? பகலிலே உண்ண எவ்வளவு நேரம் கிடைக்கிறது? வீட்டிலே கடைசியாகச் சாப்பிடுவது யார்?’ என்று கேட்கும். கடைசியாகச் சாப்பிடுபவள் பெரும்பாலும் கொழுந்தெடுத்த பெண்ணே. எல்லார்க்கும் பரிமாறி எஞ்சியதை உண்பவளுக்கு எந்தப் பட்டியலும் உதவாது. குடும்பம் ஒன்றாயமர்ந்து உண்ணும் வழக்கம் உதவும். சாயத்தண்ணியைச் சோற்றோடு குடித்தால் அதிலுள்ள துவர்ப்பொருள் உணவின் இரும்புச்சத்தைப் பற்றிக்கொள்ளும். ஆதலால் உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுக என்று சொல்லலாம். இதற்குக் காசு வேண்டாம்; தேயிலை பறிப்போரைத் தேநீரை விடச் சொல்லவும் வேண்டாம். ரொட்டியை இகழாமல், அதனோடு பருப்போ நெத்தலிக் கருவாடோ லயத்தோரத்து வல்லாரையோ சேர்க்க வழி காட்டலாம். நீரிழிவுடையவர்க்கு, நிறை இறங்கிற்றா என்பதைவிட, சர்க்கரை தணிந்ததா, காற்புண் ஆறிற்றா, மலையேற மூச்சு வருகிறதா என்பனவே நல்ல அளவைகளாகும்.

இவ்வறிவுரைக்கும் எல்லையுண்டு. 2021இல் ஆயிரம் ரூபாயாக அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம், 2022இன் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது தன் பெறுமதியை இழந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. அதற்குமேற் பெறும் ஊக்கப்படி அப்பொழுதும் கொழுந்துத் தராசையே பொறுத்திருந்தது. கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது என்பது ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டைத் தீர்மானிக்கும். ஆகவே போஷாக்குப்பற்றிப் பேசுவோர் கொழுந்து மடுவத்துத் தராசையும் பேசவே வேண்டும். வீட்டருகே காய்கறி நட ஒரு துண்டு நிலம், பிள்ளைமடுவத்தில் ஒரு வேளை நல்ல உணவு, பகலில் அமர்ந்து உண்ண அரைமணி நேரம் ஆகியவை எந்த மருந்துக்கும் குறைந்தவை அல்ல.

கோப்பிக் காலத்து அரிசி வழங்கலிலிருந்து இன்றைய நிலைய அட்டைவரை, லிந்துலையின் தோட்டங்களில் உணவு எப்பொழுதும் அளவிடப்பட்டே வந்திருக்கிறது. அளந்தவர் வேறு, உண்டவர் வேறு. உண்பவரைக் கேட்டு அளப்பதே இங்கு இனிச் செய்யவேண்டிய மாற்றம். மண்ணிலே குறைவதென்ன என்று தேயிலைச் செடிக்காகக் கேட்ட மலை இது. அதே கேள்வியை அச்செடியைப் பறிக்கும் பெண்ணுக்காகவும் அதே பொறுமையோடு கேட்குமானால், தராசிலே காணும் நிறை தானே தன் இடத்தை அறிந்து நிற்கும்.